பூகோளத்தார் ஒத்திவைத்த சபை

மல்லிகா, செந்தில், ரெண்டு பேரும் இதை ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கவேண்டும். பக்கத்தில் உட்கார முடியாது என்றால் ஆளுக்கொரு ஓரம் எடுத்துக்கொள்ளுங்கள். பாய் ஒன்றாக இருந்தால் போதும். மல்லிகா ஒரு பக்கம், செந்தில் ஒரு பக்கம் என்று மாற்றி மாற்றிப் படியுங்கள்.

நீங்கள் பேச்சை நிறுத்தி இன்றோடு ஒன்பது நாள். என் சைக்கிளின் முன்பாரில் உட்காருகிறவர் பெல் அடிப்பதா, பின்னால் உட்காருகிறவர் எட்டி வந்து அடிப்பதா என்று தகராறு. அம்மாவை நடுவில் நிறுத்தி, "அவன பென்சிலக் குடுக்கச் சொல்லும்மா", "அவள ரப்பரக் குடுத்துட்டு வாங்கிக்கச் சொல்லும்மா" என்கிறீர்கள். அவளும் தோசைக்கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு தந்தி ஆபீஸ் வேலை பார்க்கிறாள்.

எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது. எட்டாவதில் பெயிலானவன். ஆனால் ஒரு ஆளைப் பற்றிச் சொல்லத் தெரியும். பெரியப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டவேண்டாம். காட்டித்தான் தீருவீர்கள் என்றால் கடைசிப் பக்கம் மட்டும்.

நம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ பேர் எதையெதையோ மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கியிருக்கிறார்கள். கோழி, பலாப்பழம், சீர்வரிசைக் குத்துவிளக்கு. உலகத்தையே மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினவர் ஒருத்தர்தான். அதனால் அவருக்குப் பூகோளத்தார் என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அது தபால்காரருக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

எமர்ஜென்சி முடிந்த சமயம். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில் மோட்டாருக்குத் தாமிரக்கம்பிக் காயில் கட்டிக் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறினேன். ரயிலிலிருந்து இறங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார் அவர். வேட்டி, டெல்லிக் குளிருக்குப் போடுகிற கோட்டு, மடியில் பூகோள உருண்டை. நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே எனக்கு வேர்த்துவிட்டது.

கண்டக்டர் வந்தார். "இன்னா சார் அது, பூசணிக்காயாட்டம்? அத்துக்கு லக்கேஜ் போடணும்."

வேறு ஆளாக இருந்தால் "இதுக்கெல்லாமா லக்கேஜ்?" என்று எகிறியிருப்பார். இவர் உருண்டையோடு எழுந்து நின்றார்.

"நீங்கள் சொல்வது நியாயம். இது ஒரு ஆள் இடத்தை அடைக்கிறது. திருப்பத்தில் உருண்டு போனால் ஒரு குழந்தையின் காலில் விழும். வழியில் செக்கிங் ஏறினால் என்னை ஒன்றும் கேட்கமாட்டார்கள், உங்களைத்தான் கேட்பார்கள். விடியற்காலையில் எழுந்து, நாள் பூராவும் நின்றபடியே வேலை பார்த்து, கடைசியில் ஒரு உருண்டையால் மெமோ வாங்கினால் வீட்டில் போய் என்ன சொல்வீர்கள்?"

கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அவருடைய கஷ்டத்தை அவருக்கே யாரும் அதுவரை இப்படி எடுத்துச் சொன்னதில்லை. "வுடு சார். மடியிலயே வச்சிக்க. செக்கிங் வந்தா நான் பாத்துக்கறேன்" என்றார். டிக்கெட் வாங்கியே தீருவேன் என்று இவர், வாங்கக்கூடாது என்று அவர். பாலாற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது.

இறங்கும்போது நான் சும்மா இருக்காமல் கேட்டேன். "சாருக்கு இன்னா வேல?"

"டெல்லியில் பேராசிரியராக இருந்தேன். நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன, எப்படிச் சமாதானம் ஆகின்றன, இதுதான் பாடம். பன்னிரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தேன்."

"அப்புறம் ஏன் சார் வுட்டுட்டீங்க?"

"ஒரு மின்விசிறியால்" என்றார்.

அந்தக் கதையைப் பின்னால் நூறு தடவை கேட்டிருக்கிறேன். அவருடைய மாணவர்களிலேயே கெட்டிக்காரன் ஒருவன். ரெண்டு நாடுகள் ஒரு ஆற்றுத் தண்ணீரை எப்படிப் பங்குபோட்டுக்கொள்ளலாம் என்று நாற்பது பக்கம் எழுதினானாம். முத்து முத்தாக எழுதியிருந்தானாம். முதல் மார்க். அன்று சாயங்காலமே ஹாஸ்டலில், ஃபேனை ரெண்டில் வைப்பதா மூன்றில் வைப்பதா என்று அறைத்தோழன் பல்லை உடைத்துவிட்டான். இவர் ஆஸ்பத்திரிக்குப் போய் அந்தப் பல்லைப் பார்த்தார். அந்த வாரமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

"இருபது வயதில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாது. காலம் கடந்துவிடுகிறது. ஆறு வயதில் ஆரம்பிக்க வேண்டும்" என்பார்.

திருப்புலிவனம் போகிற ரோட்டில் அப்போது ஒரு வேர்க்கடலை குடோன் சும்மா கிடந்தது. அதை வாடகைக்கு எடுத்துப் பள்ளிக்கூடம் வைத்தார். மணி கிடையாது, பிரம்பு கிடையாது, பரீட்சை கிடையாது, ஒண்ணாவது ரெண்டாவது என்று வகுப்பும் கிடையாது. ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே சாக்கில் உட்கார்ந்தார்கள். எல்லாரையும் அவர் 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். மூக்கு ஒழுகுகிற நாலு வயசுப் பையனையும் "நீங்க கொஞ்சம் மூக்கைத் துடைச்சிக்கிறீங்களா?" என்பார். குடோனுக்குள் ஆடு புகுந்து உலக வரைபடத்தைத் தின்ன ஆரம்பித்தபோதுகூட, "தயவு செய்து வெளியே போங்க" என்றுதான் சொன்னார். ஆடு ஒரு கண்டத்தை முடித்துவிட்டுத்தான் போனது.

அந்தக் குடோனில் மூட்டை எடை போடுகிற இரும்பு மேடை ஒன்று இருந்தது. பழைய தராசு. மேலே தண்டு, அதில் நகர்த்துகிற குண்டு. வேறு யாராக இருந்தாலும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். இவர் அதை வைத்துத்தான் பள்ளிக்கூடமே நடத்தினார்.

வாரம் ஒரு நாள், வியாழக்கிழமை மத்தியானம், சபை. அந்த வாரம் யார் யாரோடு சண்டையோ அவர்கள் ரெண்டு பேரும் அந்த ஒரே மேடையில் ஏறி நிற்கவேண்டும். நின்று தன் கட்சியைப் பேசக்கூடாது. எதிராளியின் கட்சியை, 'நான்' என்று சொல்லி, அவனாகவே பேசவேண்டும். பேசி முடித்ததும் எதிராளி "ஆமா, இதான்" என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் நம் கட்சியைப் பேச நமக்கு முறை வரும். கோபத்தில் யாராவது காலை மாற்றி வைத்தால் தண்டு 'டக் டக்'கென்று அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். பொய்க்கோபம் நிஜக்கோபம் எல்லாம் அந்த இரும்புக்குத் தெரியும்.

முதல் சபை ஒரு கொய்யாப்பழத்துக்காக. "நான்தான் குப்பன். நான் மரமேறி, முட்டி தேச்சிக்கினு பறிச்சேன். இவன் கீழ நின்னுக்கினு வாயில போட்டுக்கினான்" என்று பழத்தைத் தின்றவனே சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. குப்பன் "ஆமா, இதான்" என்றான். அப்புறம் குப்பனின் முறை. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. "எனக்குப் பசி சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான்.

பெற்றவர்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. டெல்லி வாத்தியார், இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பார் என்று அனுப்பினால், பிள்ளை வீட்டுக்கு வந்து, அப்பனும் ஆத்தாளும் சண்டை போடுகிற நடுவில் நின்று, "இப்ப நான்தான் அம்மா" என்று ஆரம்பித்தது. தெருவில் சண்டைகளெல்லாம் பாதியிலேயே நின்றுபோயின. "சொந்த வூட்டுல நிம்மதியா ஒரு சண்ட போட முடியல, ஒரே பேஜாரு" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னதை நானே கேட்டேன்.

ஒருநாள் நான் குடோனுக்கு மின்சார ஒயர் மாற்றப் போனேன். வேலையை முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, "நீங்க நாளையிலிருந்து வகுப்பு எடுங்க" என்றார்.

"சார், நான் எட்டாவது பெயிலு."

"நல்லது. மறக்கவேண்டியது உங்களுக்குக் குறைவு."

அப்படி நான் புரொபசர் ஆனேன். ஒரு பழைய மோட்டாரைப் பிரித்து வைத்தேன். பிள்ளைகள் தாமிரக்கம்பியைச் சுற்றிச் சுற்றி எண்ணினார்கள். இருபதுக்கு மேல் எண்ணத் தெரியாத பொண்ணு ஒருத்தி, ஒரு சுற்று தப்பினால் காயில் கருகிப்போகும் என்று சொன்னதும், ஒரே மத்தியானத்தில் அறுபது வரைக்கும் போனாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உங்கள் அம்மா வாசலிலேயே கேட்டாள்: "இன்னா புரொபசரே, ஆட்டுக்குத் தழ ஒடிச்சாந்தியா?"

உலகத்தில் எல்லா நாட்டுச் சண்டையும் தெரிந்த பூகோளத்தாருக்கு ஒரே ஒரு எதிரி இருந்தாள். முனியம்மா. காவாந்தண்டலத்திலிருந்து வந்து காலனியில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிற வேலை. அவள் சமைக்கிறாள் என்பதற்காக ஊரில் ஒருவர் தன் பொண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தினார். பூகோளத்தார் அவர் வீட்டுக்குப் போனார். சண்டை போடவில்லை. "வியாழக்கிழமை வந்து முனியம்மாவின் கட்சியைப் பேசுங்க. பேசி முடிச்சதும் பொண்ணைக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார். அவர் கடைசிவரை வரவில்லை. பொண்ணு தானே வந்துவிட்டாள், தட்டோடு.

பூகோளத்தாருக்கும் முனியம்மாவுக்கும் நடந்த சண்டை மிளகாயால். இவருக்குக் காரம் ஆகாது. அவளுக்குக் காரமில்லாத குழம்பு குழம்பே இல்லை. "டெல்லி நாக்கு சார் உனுக்கு. மொளகாவ கண்ணுல காட்டினாலே தண்ணி கேக்குது" என்றாள். பதினோரு நாள் ரெண்டு பேரும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. எல்லாம் பிள்ளைகள் மூலமாக சிலேட்டில். 'ஆறு மிளகாய்க்கு மேல் வேண்டாம்' என்று சிலேட்டு உள்ளே போகும். முனியம்மாவுக்கு எழுதத் தெரியாது. சிலேட்டின்மேல் ஏழு மிளகாயை வைத்துத் திருப்பி அனுப்புவாள்.

பிள்ளைகள் விடுவார்களா? ரெண்டு பேரையும் மேடை ஏற்றினார்கள். பூகோளத்தார் முனியம்மாவாக ஒரு மணி நேரம் பேசினார். அடுப்புப் புகை, விறகு ஈரம், நாற்பது பிள்ளைகளின் பசி, காரம் இல்லையென்றால் பிள்ளைகள் சோற்றைத் தள்ளிவைப்பது, எல்லாம் சொன்னார். கேட்டவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நல்லாத்தான் பேசற சார். ஆனா இன்னும் கொஞ்சம் கீது."

"எது விட்டுப்போச்சு?"

"அத்த நீதான் கண்டுபுடிக்கணும்."

குடோன் சுவரில் ஒரு கரும்பலகை. தீர்ந்த வழக்கை அழித்துவிடுவார்கள். தீராததை அவரே தன் கையெழுத்தில் எழுதுவார். 'மிளகாய் – பூகோளத்தார், முனியம்மா – ஒத்திவைப்பு' என்று எழுதினார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஏறிப் பேசினார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவள், "இன்னும் கொஞ்சம் கீது" என்றாள். அந்த வரி அழியவே இல்லை.

அதன் கீழே இன்னொரு வரி வந்தது. அது என்னுடையது. இதுவரை சிரித்துக்கொண்டு வந்தீர்கள். இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள்.

மழை பொய்த்த வருஷம். மல்லிகா கைக்குழந்தை. எனக்கும் உங்கள் பெரியப்பாவுக்கும் பங்குக் கிணறு. ஒருநாள் அவர் முறை, ஒருநாள் என் முறை. மோட்டாருக்குக் கரண்ட் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம்தான் விட்டார்கள், அதுவும் எப்போது வரும் என்று தெரியாது. என் முறையன்று ஒரு மணி நேரத்திலேயே கரண்ட் போய்விட்டது. மீதி ரெண்டு மணி நேரத்தை மறுநாள் எனக்குத் தரவேண்டும் என்றேன் நான். "மொற நாளுக்குத்தான், கரண்டுக்கு இல்ல. எம்மொறையில பூடுச்சின்னா நான் வந்து உன்ன கேப்பனா?" என்றார் அவர்.

வார்த்தை தடித்தது. நான் மோட்டார் கொட்டகைக்குள் போய் ஃபீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அது இல்லாமல் மோட்டார் ஓடாது. வேறு கட்டை போட அவருக்குத் தெரியாது, போட்டுக்கொடுக்க ஊரில் என்னைவிட்டால் மெக்கானிக் கிடையாது. நான்கு நாள். ரெண்டு பேர் நெல்லும் பால் பிடிக்கிற சமயம். அந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் அத்தனையும் பதர். என் பயிரும்தான் காய்ந்தது. ஆனால் அவர் பயிர் காய்கிறது என்ற ஒரு சந்தோஷத்தில் என்னுடையது எனக்குக் கண்ணில் படவில்லை. உங்கள் அப்பன் அப்படிப்பட்ட ஆளாகத்தான் நான்கு நாள் இருந்தேன். மறைக்க விரும்பவில்லை.

ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. நான் மோட்டார் வகுப்புக்குப் போனேன். பூகோளத்தார் வாசலில் நின்றிருந்தார்.

"சட்டைப்பையில் என்ன வைத்திருக்கிறீங்க?"

"ஒண்ணும் இல்ல சார்."

"அதை வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைங்களுக்கு மோட்டார் சொல்லிக்கொடுக்க முடியுமா?"

உள்ளே எட்டிப்பார்த்தேன். உங்கள் பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் என்று எதற்குள்ளும் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. கோயிலுக்கு வந்தவர் மாதிரி செருப்பை வெளியே விட்டு, துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். யார் வரச்சொன்னார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. சிலேட்டோடு ஒரு பொண்ணு போய்க் கூப்பிட்டிருக்கிறாள், தாமிரக்கம்பி எண்ணிய அதே பொண்ணு.

ரெண்டு பேரும் மேடை ஏறினோம். தண்டு ஒரு ஆட்டம் ஆடி நின்றது. முதலில் பெரியவர் பேசட்டும் என்றார்கள். அவர் இடுப்புத் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. இவருக்கு எங்கே இதெல்லாம் வரப்போகிறது!

"நான் சின்னவன்" என்று ஆரம்பித்தார் உங்கள் பெரியப்பா. "எங்கண்ணன் நெலம் கெணத்தாண்ட கீது. எந்நெலம் வால்மாட்டுல, கால்வா முடியற எடத்துல. நடுவுல கால்வா பூரா மணலு. தண்ணி எனக்கு வந்து சேரவே அர மணி ஆவுது. மூணு மணி கரண்டுல எனக்கு ரெண்டரதான். நடுவுல நின்னு நின்னு வந்தா, கால்வா காஞ்சி மறுக்கா அர மணி பூடுது. கைக்கொழந்த கீது வூட்டுல. இந்த நெல்லுதான் சோறு. இதெல்லாம் எங்கண்ணன் கேக்க மாட்டான். அவன் பெரியவன்னு அவனுக்குத் திமிரு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "அப்ப தெரிஞ்சிக்கினேதான் பண்ணியா?" என்று கத்தினேன். தண்டு 'டக் டக் டக்'கென்று அடித்துக்கொண்டது.

"அது அப்புறம்" என்றார் பூகோளத்தார். "அவர் சொன்னது சரியா?"

நான் நாற்பது பக்கம் எழுதியிருந்தாலும் என் கட்சியை அவ்வளவு சரியாக எழுதியிருக்க மாட்டேன். "ஆமா, இதான்" என்றேன்.

என் முறை. "நான் பெரியவன்" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "நான் பெரியவன்... கெணறு எந்நெலத்துல கீது..." அதற்குமேல் வரவில்லை. அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி தூக்கம் வருகிறதா என்று தெரியாது. என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தெரியாது. ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் முப்பது வருஷமாக வாழ்கிற மனுஷன். "டைம் குடு சார் அவருக்கு" என்று சாக்கிலிருந்து ஒரு குரல் வந்தது. என் மாணவன்.

நான் பையிலிருந்து கட்டையை எடுத்து உங்கள் பெரியப்பா கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்த எங்கிட்ட குடுத்து இன்னா பண்றது? வா, வந்து போட்டுக் குடு. மொதத் தண்ணி உனுக்கு வுட்டுக்கோ" என்றார்.

ரெண்டு பேர் பயிரும் பிழைத்தது. ஆனால் பலகையில் 'கிணறு – தம்பி – ஒத்திவைப்பு' என்று விழுந்தது. தம்பி மட்டும்தான். அண்ணன் பெயர் அதில் இல்லை, அவர் தன் பங்கைப் பேசிவிட்டாரே.

அதற்குப் பிறகு நான் உளவுத்துறை ஆகிவிட்டேன். அண்ணன் கட்சியைக் கண்டுபிடிக்க வேண்டாமா? பனைமரத்துக்குப் பின்னால் நின்று அவரைக் கவனிப்பேன். "உன் கொழுந்தன் காலங்காத்தால பனமரத்தாண்ட நிக்கறாரு, கள்ளுக்குப் பழகிட்டாரு போல" என்று யாரோ உங்கள் பெரியம்மாவிடம் சொல்லி, அது உங்கள் அம்மா காதுக்கு வந்து, எனக்கு ரெண்டு நாள் நாஷ்டா கிடைக்கவில்லை. ஆனால் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

பூகோளத்தார் பார்க்கும்போதெல்லாம் கேட்பார். "அண்ணன் பக்கம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சிது சார். வாய்தான் வரல."

"சபை திறந்தே இருக்கு" என்பார்.

பள்ளிக்கூடம் எப்படி மூடியது என்று கேட்பீர்கள். அதையும் அவரே செய்தார். ஒரு கல்வி அதிகாரி ஜீப்பில் வந்தார். எத்தனை வகுப்பு, என்ன பரீட்சை, ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றதும் அதிகாரிக்குக் கோபம் தலைக்கேறியது. பிள்ளைகள் அவரையும் பூகோளத்தாரையும் மேடை ஏற்றிவிட்டார்கள். அதிகாரி முதலில் பேசினார், பூகோளத்தாராக. "நான் டெல்லியை விட்டு வந்தேன்" என்று ஆரம்பித்தவர், பரீட்சையைத் திட்டத் தொடங்கிவிட்டார். சின்ன வயதில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து வைக்கோல் போரில் ஒளிந்ததுவரை வந்துவிட்டது. அது யார் கதை என்று எங்களுக்குத் தெரியும். கைத்தட்டல் ஓயவில்லை.

அப்புறம் பூகோளத்தார் அதிகாரியாகப் பேசினார். அங்கேதான் வந்தது வினை. "இந்தப் பிள்ளைகளுக்கு நாளைக்குச் சர்டிபிகேட் யார் தருவார்? பணக்காரப் பிள்ளைக்குச் சர்டிபிகேட் இல்லாவிட்டாலும் நிலம் இருக்கு. காலனிப் பிள்ளைக்கு என்ன இருக்கு? ஒரு கண்டக்டர் வேலைக்குக்கூடப் பத்தாவது கேட்கிறானே. இவங்க வாழ்க்கையை வைத்து நான் சோதனை பண்ணலாமா?" என்றார். பேசிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். தண்டு ஆடவில்லை.

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமா, இதான்" என்றார்.

மறுநாள் காலையில் ஆறு பிள்ளைகள் சர்க்கார் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். பூகோளத்தார் தடுக்கவில்லை. மீதிப் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் படிக்கவைத்து, பரீட்சை எழுதவைத்து, அவரே கைபிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தார். ரெண்டு வருஷத்தில் குடோன் காலி. உலகத்தில் யாரிடமும் தோற்காதவர் தன்னிடமே பேசித் தோற்றார். அதற்காக அவர் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "நல்ல வாதம். எனக்கே ஒப்புக்கொள்ளும்படி இருந்தது" என்றார்.

ஒரு மத்தியானம் பஸ் ஏறினார். அதே கோட்டு, மடியில் அதே உருண்டை. பஸ் ஸ்டாண்டில் பாதி ஊர். ஜன்னல் வழியாக முனியம்மாவைப் பார்த்து மறுபடி ஆரம்பித்தார். "நான் முனியம்மா. ஏழு வருஷமாக ஒரு கிழவனுக்குச் சமைத்துப் போட்டேன். காரம் அவனுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். அவன் தட்டுக்கு மட்டும் தனியாகக் காரம் குறைத்துத்தான் ஊற்றினேன். அவனுக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

முனியம்மாவின் வாய் கோணியது. முந்தானையை இழுத்து மூக்கைத் துடைத்தாள். "இன்னும் கொஞ்சம் கீது சார்" என்றாள். "நீ திரும்பி வந்து சொல்லு."

பஸ் கிளம்பியது. கண்டக்டர் புது ஆள். உருண்டையைக் காட்டி ஏதோ கேட்பதும், பூகோளத்தார் எழுந்து நிற்பதும் தூரத்தில் தெரிந்தது.

குடோன் சாவி என்னிடம் இருந்தது. மறுநாள் சொந்தக்காரரிடம் கொடுக்கவேண்டும். எல்லாரும் கலைந்ததும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு தனியாக அங்கே போனேன். கதவைத் திறந்தேன். சாக்கையெல்லாம் சுருட்டி வைத்திருந்தார்கள். மேடையில் ஏறி நின்றேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு நின்றேன்.

"நான் பெரியவன்" என்றேன், வெற்றுக் குடோனில் சத்தமாக. "எனக்குப் பன்னண்டு வயசுல எங்கப்பா என் கையில ஏரக் குடுத்தாரு, சின்னவன் படிக்கட்டும்னு. அவன் எட்டாவதுல பெயிலாயி வந்தான். நான் ஒண்ணும் சொல்லல. கெணறு தூரெடுத்தப்ப உள்ள எறங்கினவன் நான். கால்வா எம்பயிர் நடுவுல ஓடுது, ஒடஞ்சா முழுகறது எந்நெல்லு. அவன் மொறையன்னிக்கி விடியறதுக்கு முன்னாடி போயி கால்வாய்ல புல்லு செதுக்கி, மணல வழிச்சி வுடறேன், தண்ணி அவனுக்கு வெரசா போவட்டும்னு. அத்த அவங்கிட்ட சொன்னதில்ல. எனக்கு எழுத்து தெரியாது, மோட்டார் தெரியாது. கட்டைய அவன் புடுங்கிக்கினப்ப, பயிர் காயுதேன்னு எனக்கு வலிக்கல. அவங்கிட்ட நான் கையேந்தணும்னு அவனுக்கு ஆச வந்துடுச்சேன்னுதான் வலிச்சிது."

முடித்துவிட்டு, முறைப்படி கொஞ்சநேரம் காத்திருந்தேன். "ஆமா, இதான்" என்று சொல்ல யாரும் இல்லை. தண்டு மட்டும் அசையாமல் நின்றது.

இறங்கிப் போய், சட்டை முனையால் பலகையில் என் வரியை அழித்தேன். மேலே இருந்த மிளகாய் வரியை நான் தொடவில்லை. அது அவர் திரும்பி வந்து முடிக்கவேண்டியது.